‘ராஜகம்பீரம்’: கல்லில் வெட்டும் முன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் பழைய வீட்டை நான்கு அறைகள் கொண்ட தங்கும் இல்லமாக மாற்றியிருக்கிறோம். ‘ராஜகம்பீரம்’ என்று பெயர் முடிவு செய்து, வாசலில் வைக்கக் கருங்கல் பலகைக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. இப்போது ஒரு பெயர் ஆலோசகர், “கம்பீரம் என்பது கம்பு + ஈரம். ஈரம் பட்ட கம்பு பூசணம் பிடிக்கும், தொழில் நிற்காது. ஒரு ‘க்’ சேர்த்து ‘ராஜக்கம்பீரம்’ என்று வெட்டுங்கள், தோஷம் போகும்” என்கிறார். தமிழாசிரியரான என் மைத்துனர், “அது தமிழ்ச் சொல்லே இல்லை, வைத்தே தீர வேண்டுமென்றால் ‘இராசகம்பீரம்’ என்று எழுதுங்கள்” என்கிறார். இந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, எப்படி எழுத வேண்டும்? ‘ராஜ’ என்று போடுவதால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: பெயரை மாற்ற வேண்டாம். ‘க்’ சேர்க்க வேண்டாம். ஆலோசகருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லையென்றால் கொடுக்கவும் வேண்டாம். மைத்துனர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதி எது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கம்பு + ஈரம் என்ற பிரிப்பு ஏன் நம்பும்படி இருக்கிறது என்றால், புணர்ச்சி விதி அதற்கு இடம் கொடுக்கிறது. ‘கம்பு’ என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். அடுத்து உயிரெழுத்து வந்தால் அது விலகிக்கொள்ளும். கம்பு + ஈரம் கம்பீரம்தான் ஆகும். பத்தாம் வகுப்பு இலக்கணம் படித்தவர் யாரும் தலையாட்டிவிடுவார். பெயர் ஆலோசகர்களின் பிழைப்பு இந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது. ஒரு சொல்லை இப்படிப் பிரிக்க முடிகிறது என்பது, அது இப்படித்தான் பிறந்தது என்பதற்குச் சான்று ஆகாது. (ஈரம் பட்டால்தான் கம்பு முளைக்கும் என்பதையும் யாராவது அவருக்குச் சொல்லலாம்.)

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இதே சொல் அக்கம்பக்கத்து மொழிகளில் இருக்கிறதா என்று பாருங்கள். கன்னடத்தில் இருக்கிறது, தெலுங்கில், மலையாளத்தில், இந்தியில் இருக்கிறது. கம்பு தானியத்துக்குக் கன்னடத்தில் ‘சஜ்ஜெ’, இந்தியில் ‘பாஜ்ரா’. கம்பு என்ற சொல்லே இல்லாத இந்திக்காரர் கம்பையும் ஈரத்தையும் சேர்த்துக் கம்பீரம் செய்திருக்க முடியாது. ஆலோசகரின் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது.

அகராதியில் பார்க்க விரும்பினால், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. பிறமொழியிலிருந்து வந்த சொல்லென்றால் தலைச்சொல்லை அடுத்து ஒரு கூர்க்குறியும் (<) அதன் மூல வடிவமும் இருக்கும். தமிழ்ச் சொல்லென்றால் பெரும்பாலும் அந்தக் குறி இருக்காது. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல், குரலில் உறுதி உள்ளவர் சொல்வதையெல்லாம் கேட்டுக் கல்லில் வெட்டுகிறோம்.

பொருளுக்கு வருவோம். கம்பீரம் வடமொழியில் ‘ஆழம்’, ‘ஆழமான’ என்று பொருள்படும் சொல். முதலில் நீரின் ஆழம். இதன் உடன்பிறப்பான ‘கபீரம்’ என்ற வடிவம் இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலம் 129-ஆம் பாடலிலேயே வருகிறது. படைப்புக்கு முன் என்ன இருந்தது, அடிகாண முடியாத நீர் இருந்ததா என்று கேட்கும் பாடல் அது. அங்கே அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை.

ஆழம் எப்படி அரச மிடுக்கு ஆயிற்று? இடையில் இரண்டு படிகள் இருக்கின்றன. ஒன்று குரல். இடி, முரசு, யானைப் பிளிறல் ஆகியவற்றின் அடித்தொண்டை ஒலியை வடமொழியில் ‘கம்பீர’ ஒலி என்பார்கள். இரண்டாவது மனம். நாடக இலக்கண நூல்கள் தலைவனுக்குச் சொல்லும் எட்டுக் குணங்களில் ஒன்று ‘காம்பீர்யம்’. உள்ளே கோபமோ மகிழ்ச்சியோ கலக்கமோ எது ஓடினாலும் முகத்தில் அதன் சுவடு தெரியாமல் இருப்பது என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். சாமுத்திரிகா இலட்சணத்தில் இன்னும் வெளிப்படை: மேன்மக்களுக்குக் குரல், இயல்பு, உந்தி (தொப்புள்) ஆகிய மூன்றும் ஆழமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆழமான குரலும் ஆழம் காண முடியாத மனமும் ஆள்பவனுக்கு அடையாளம் என்று ஆனபின், பார்ப்பவர் கண்ணுக்கு அந்தத் தோற்றமே கம்பீரம் ஆகிவிட்டது.

தமிழில் நாம் ‘ஆழம்’ என்ற முதல் பொருளைக் கைவிட்டு, நிமிர்ந்த தோற்றத்தையும் மிடுக்கையும் வைத்துக்கொண்டோம். ஆனால் ‘கம்பீரமான குரல்’ என்று சொல்லும்போது கீச்சுக்குரலை யாரும் நினைப்பதில்லை. பழைய பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

உங்கள் பலகையில் இருக்கும் முழுச் சொல்லும் புதிதல்ல. ‘இராசகம்பீரன்’ என்பது இரண்டாம் இராசராச சோழனின் பட்டப்பெயர். 12-ஆம் நூற்றாண்டில் அவன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், சக்கரமும் குதிரையும் பூட்டித் தேர்போல நிற்கும் முன்மண்டபத்துக்கு இராசகம்பீரன் திருமண்டபம் என்றுதான் பெயர். சிவகங்கை மாவட்டத்தில் மானாமதுரைக்கு அருகே ராஜகம்பீரம் என்று ஓர் ஊரே இருக்கிறது. தோஷமுள்ள சொல் என்றால் சோழன் அதைத் தன் தலையில் சூடியிருக்க மாட்டான். ஆலோசகரிடம் இதைச் சொன்னால், சோழர் ஆட்சி வீழ்ந்ததே அதனால்தான் என்பார். பதில் சொல்லாமல் வந்துவிடுங்கள்.

நீலகிரிக்காரர்கள் எதிர்ப்பக்கப் பொறி ஒன்றையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கம்பீரம் தமிழ்போல் பிரியும் வடசொல். உதகமண்டலமோ வடசொல்போல் தெரியும் வேறொன்று. உதகம் என்றால் நீர், மண்டலம் என்றால் வட்டாரம், ஆகவே ‘நீர்நாடு’ என்று சுற்றுலா வழிகாட்டிகள் கூசாமல் சொல்கிறார்கள். தொடக்ககால ஆங்கிலேயர் எழுத்துகளில் அந்த ஊர்ப்பெயரின் வால் ‘மண்ட்’ என்றுதான் முடிகிறது. அது தோடர் குடியிருப்பான மந்து. மண்டலம் பின்னால் கட்டிய அலங்காரம். பெயருக்குப் பொருள் சொல்வதைத் தொழிலாக வைத்திருப்பவரிடம் முதலில் இந்த ஊருக்குப் பொருள் கேளுங்கள். ‘நீர்நாடு’ என்றால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இனி எழுத்து. ‘ராஜக்கம்பீரம்’ தவறு. வடமொழிச் சொற்கள் இரண்டு தொகையாகச் சேர்ந்தால் இடையில் வல்லினம் மிகாது: ராஜகுமாரன், ராஜகோபுரம், தேசபக்தி. அதே வரிசையில் ராஜகம்பீரம். இதில் வேடிக்கை, நியூமராலஜிக் கணக்கு ஆங்கில எழுத்துகளுக்குத்தான் எண் கொடுக்கிறது. தமிழ்க் ககரத்துக்கு அதில் மதிப்பே கிடையாது. அப்புறம் எதற்கு ‘க்’ சேர்க்கச் சொல்கிறார்? கல் வெட்டுபவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். ஆலோசகரை உங்களுக்கு அறிமுகம் செய்தவர் யார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பெயர்ப்பலகைக் கடை, அச்சகம், ஆலோசகர் மூவரும் ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பிக்கொள்வது மலையில் மட்டும் நடப்பதல்ல.

மைத்துனர் சொல்லும் ‘இராச’வுக்கு இலக்கணம் இருக்கிறது. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. வடசொல் அப்படித் தொடங்கினால் அ, இ, உ என்ற மூன்றில் ஒன்றை முன்னால் வைக்க நன்னூல் வழி சொல்கிறது: அரங்கம், இராமன், உரோமம். ஜகரத்தைச் சகரமாக்குவதும் மரபுதான். ஆகவே ‘இராசகம்பீரம்’ சரியான தமிழ் வடிவம். ‘ராஜகம்பீரம்’ வழக்கில் உள்ள வடிவம். எதை வெட்டினாலும் பிழை ஆகாது, உங்கள் விருப்பம்.

ஆனால் இங்கே ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. பலகைக்கு இலக்கணம் போதும், தாளுக்குப் போதாது. வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், சுற்றுலாத் துறைப் பதிவு, மின் இணைப்பு ஆகிய எல்லாவற்றிலும் ஒரே வடிவம் இருக்க வேண்டும். தமிழ் படித்தவருக்கு இராசவும் ராஜவும் ஒன்று. கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். அதைவிட மோசம், முன்னால் இருக்கும் ‘இ’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஐ’ என்ற எழுத்தாகித் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு அலுவலகத்தில் ‘ஆர்’ வரிசையிலும் இன்னொன்றில் ‘ஐ’ வரிசையிலும் உங்கள் இல்லம் பதிவாகும். பிறகு காசோலை திரும்பும், ‘பெயர் பொருந்தவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பும், நோட்டரியிடம் ‘இருவரும் ஒருவரே’ என்று உறுதிமொழிப் பத்திரம் எழுத அலைய வேண்டும். அதற்கும் வாசலில் ஒரு தரகர் நிற்பார். ஆகவே ஏற்கெனவே ஏதாவது ஒரு பதிவு ‘ராஜ’ என்று ஆகியிருந்தால், இலக்கணத்தை மறந்துவிட்டு எல்லா இடத்திலும் ‘ராஜ’ என்றே போடுங்கள். இன்னும் எதுவும் பதிவாகவில்லை என்றால் மைத்துனர் விருப்பப்படி ‘இராச’ வைக்கலாம். அப்போதும் ஆங்கில வடிவத்தை ‘ஆர்’ எழுத்தில் தொடங்குவதாக நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தட்டச்சுச் செய்பவரின் மனநிலைக்கு விடாதீர்கள்.

ஆங்கில எழுத்து விஷயத்தில் அரசாங்கத்துக்கே நிதானம் கிடையாது. கூடலூரை ஆங்கிலத்தில் ‘ஜி’ போட்டும், கடற்கரையில் இருக்கும் கடலூரை ‘சி’ போட்டும் எழுதுகிறோம். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. இந்த லட்சணத்தில், ஒரு தனியார் இல்லத்தின் பெயரை அலுவலக மென்பொருள் சரியாக எழுதும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது க என்றாலே ‘கே’ (K), ப என்றாலே ‘பி’ (P) என்று போட்டுவிடும். தமிழ் எழுத்து ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டாது. நீலகிரி மக்களான ‘படகர்’ பெயரை எழுதியதை வெளியூர்க்காரர் படகு ஓட்டுபவர் என்று வாசிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கம்பீரத்தின் முதல் எழுத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஜி’, நடுவில் வரும் ‘பீ’க்கு ‘பி’ (B), தேவையானால் அதையடுத்து ‘ஹெச்’. இரண்டு ‘ஈ’ போடுவதா ஒரு ‘ஐ’ போடுவதா என்பதில் சரி தவறு இல்லை; ஒன்றைப் பிடித்தால் அதையே பிடியுங்கள்.

உங்கள் தொழிலுக்கு நேரடியாகத் தேவைப்படும் ஒரு விவரத்தை ஆலோசகரோ மைத்துனரோ சொல்லவில்லை. உங்களிடம் தங்க வருபவர்களில் தமிழர் ஒரு பங்குதான். மலையாளிக்கு இந்தச் சொல் ‘பிரமாதம்’, அவர் மகிழ்வார். கன்னடருக்கு முகத்தில் சிரிப்பில்லாத, அழுத்தமான ஆள் நினைவுக்கு வரலாம். இந்திக்காரருக்கு ‘கம்பீர்’ என்றால் கவலைக்கிடம். மருத்துவமனை அறிக்கையில் நோயாளியின் நிலையைச் சொல்லும் சொல் அது. எல்லாம் அதே ‘ஆழ’த்திலிருந்து கிளைத்தவைதான், போன திசை வேறு. ஆகவே இந்தியில் பலகை வேண்டாம். வேண்டும் என்று பயண முகவர் வற்புறுத்தினால், கடைசி மகரத்தைச் சேர்த்து முழுப்பெயராக எழுதச் சொல்லுங்கள், ‘ராஜ் கம்பீர்’ என்று வெட்டவிடாதீர்கள்.

தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவானால், தேர்வு செய்ய நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கியும் இருக்கிறது. அரச மாண்புக்கு வள்ளுவர் வைத்த அதிகாரத் தலைப்பே ‘இறைமாட்சி’. ‘மாண்’ என்ற வினையிலிருந்து வரும் மாட்சி, கலப்பில்லாத தமிழ். ஆனால் இன்று ‘இறை’ என்றால் கடவுள்தான் நினைவுக்கு வரும். கான்வென்ட்டுகளும் தியான இல்லங்களும் நிறைந்த மலையில் ‘இறைமாட்சி இல்லம்’ என்று வைத்தால் ஜெபக்கூட்டத்துக்கு ஆள் வருவார்கள். ‘பெருமிதம்’ தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று; கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என்ற நான்கிலிருந்து பிறப்பது. அருமையான சொல், அரசனுக்கு மட்டும் உரியதல்ல. ‘பீடு’ என்றால் ‘ஏறுபோல் பீடு நடை’ என்ற குறளைப் பலர் நினைப்பார்கள். பலகைக்குச் சுருக்கமாக, எடுப்பாக இருக்கும். என்னைக் கேட்டால் ‘ராஜகம்பீர’த்துக்கு அடுத்த இடம் பீட்டுக்குத்தான்.

எடுக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் எழுதிக் கொடுப்பவர்கள் ‘ஆடம்பரம்’, ‘படாடோபம்’, ‘டாம்பீகம்’ எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பில் அள்ளித் தெளிப்பார்கள். ஆடம்பரம் வடமொழியில் முதலில் ஒரு வகை முரசு. அதன் பேரொலி பிறகு வெற்று ஆரவாரம் ஆயிற்று. படாடோபம் பாம்பு படத்தை விரித்துச் சீறிக் காட்டுவது. விஷம் இல்லாவிட்டாலும் படம் பயமுறுத்தும் என்று வடமொழியில் ஒரு நீதிமொழியே உண்டு. டாம்பீகம் வஞ்சகத்தைக் குறிக்கும் ‘தம்பம்’ வழி வந்தது. இவற்றில் எதுவும் வாடகை கொடுத்துத் தங்குபவரை வரவேற்கும் சொல் அல்ல.

சட்டம் பற்றிப் பயம் வேண்டாம். அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு, படைத்துறை, கல்விச் சிறப்புகள் தவிர அரசு யாருக்கும் பட்டம் வழங்கக் கூடாது என்கிறது. 1971-இல் வந்த 26-ஆம் திருத்தம் மன்னர்களுக்கு இருந்த அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கியது. இவை இரண்டும் ஒரு கட்டடத்தின் பெயரைத் தொடுவதில்லை.

சிக்கல் பெயரில் இல்லை, பெயருக்கு மேலே வெட்டப்படும் உருவத்தில் இருக்கிறது. ‘ராஜ’ என்று கேட்டதும் கல்வெட்டுபவர் தன் கையில் இருக்கும் மாதிரிகளில் நான்முகச் சிங்கத்தைக் காட்டுவார். அது நாட்டின் இலச்சினை. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதைப் பயன்படுத்தக் கூடாது. 2 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசின் ஆதரவு பெற்றது போலத் தோன்றும் பெயரும் சின்னமும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் ஆகாது. யானை, வெண்கொற்றக்குடை, தோரணம் எது வேண்டுமானாலும் வெட்டுங்கள், அந்தச் சிங்கத்தை மட்டும் வேண்டாம்.

அதேபோல, ‘மைசூர் மகாராஜா வேட்டைக்கு வந்து தங்கிய இடம்’ என்று ஒரு வரியைக் கையேட்டில் சேர்க்க யாராவது யோசனை சொல்வார்கள். நீலகிரியில் ராஜாக்கள் வாழ்ந்த இடங்கள் எவை என்பது ஊரறிந்தது. ஃபெர்ன்ஹில் அரண்மனை மைசூர் உடையார்களுடையது. ஜோத்பூர் அரச குடும்பத்தின் ஆரன்மோர் மாளிகைதான் இன்று ‘தமிழகம்’ என்ற அரசு விருந்தினர் மாளிகை. இல்லாத ராஜாவை உங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு ‘தவறாக வழிநடத்தும் விளம்பரம்’ என்று பெயர்.

பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து, வேறு மொழி இருந்தால் அதற்கும் கீழே, இடப்பங்கு 5:3:2. ஆங்கிலத்தைப் பெரிதாக வெட்டிவிட்டுத் தமிழை மூலையில் ஒட்டவைக்கும் பழக்கத்தால் பலர் இரண்டாம் முறை கல் வாங்குகிறார்கள்.

கடைசியாகக் கல். ‘ராஜகம்பீரம்’ ஏழு எழுத்து, ‘இராசகம்பீரம்’ எட்டு. வெட்டுபவர் ‘ரா’வின் காலைத் தனி எழுத்தாக எண்ணுகிறாரா என்று கூலி பேசும்போதே கேளுங்கள். இந்தப் பெயரில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று: இரண்டு ‘ம்’ மேலுள்ள புள்ளிகளும் ‘பீ’யின் சுழியும். கோத்தகிரிப் பனியிலும் வடகிழக்குப் பருவமழையிலும் வெட்டுக்குள் பாசி ஏறும்; சிறிய புள்ளி முதலில் அடைபடும், சுழி மூடிக்கொண்டால் ‘பீ’ ‘பி’ ஆகும், இரண்டு மழைக்காலத்தில் உங்கள் வாசலில் ‘ராஜகமபிரம’ என்று நிற்கும். புள்ளியின் குறுக்களவு எழுத்துக்கோட்டின் அகலத்துக்குக் குறையக் கூடாது, சுழிக்குள் விரல் நுனி நுழையும் அளவு இடைவெளி வேண்டும். கணினி எழுத்துருவை அப்படியே பெரிதாக்கினால் இந்த அளவு வராது; தனியாகச் சொல்லித்தான் வாங்க வேண்டும். முழு அளவில் தாளில் அச்செடுத்துக் கல்லின் மேல் ஒட்டச் செய்து, சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து மைத்துனரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாளைத்தான் உளி தொட வேண்டும். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.